தைத்து மூடிய பக்கங்கள்

அம்போன், 7 மார்ச் 2011

மதிப்பிற்குரிய இபு தோர்கஸ்,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கத் துணிவில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, மழைநீர் ஒழுகும் மூலையைத் துடைக்கப் போய்விட்டேன். பதிலில் எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தால், சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. பெட்டி எப்போது வரும்.
2. நாற்பது புத்தகங்களை எப்படித் தேர்ந்தேன்.
3. கதை நூல், உண்மை நூல் இரண்டில் எது பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாதது.
4. நீங்கள் கேட்ட ஒரு புத்தகத்தை ஏன் வைக்கவில்லை.
5. நம் சண்டை. (இடம் இருந்தால்.)

முதலாவது. பெட்டியும் இக்கடிதமும் ஒரே படகில் வருகின்றன. பெட்டியை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன் என்று படகுக்காரர் உறுதி சொன்னார். திரும்பத் திரும்பக் கேட்டதால் சற்று எரிச்சலோடு சொன்னார்.

இரண்டாவது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குப் புத்தகம் தேடுவது எனக்கு இன்றும் நடுக்கம் தரும் வேலை. அவர்களைவிடச் சிறியவர்கள் கொடுத்ததைக் கேட்டுக்கொள்வார்கள். பெரியவர்கள் பிடிக்காததையும் கடமைக்காக முடிப்பார்கள். இந்த நடுவயதுக்காரர்கள் இரண்டாம் பக்கத்தில் மூடிவிட்டுப் பந்தாடப் போய்விடுவார்கள். காரணமும் சொல்ல மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தவற்றை ஒதுக்கினேன். இருபது கதை, இருபது உண்மை. எலும்புக்கூடு, எரிமலை, நாற்றமடிக்கும் பூச்சிகள், பள்ளிக் கழிப்பறையில் குடியிருக்கும் பேய் எல்லாம் உண்டு. பேய் உங்களுக்காக.

மூன்றாவது. ஒரு கதையில் எவ்வளவு துன்பம் வந்தாலும் எழுதியவர் கூடவே இருக்கிறார். கடைசியில் கையைப் பிடித்துக் கரை சேர்த்துவிடுவார். உண்மை நூலுக்கு அந்தக் கருணை கிடையாது. நடந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆகவே மனம் புண்பட்ட பிள்ளையிடம் கதையை நம்பிக் கொடுக்கலாம். உண்மை நூலை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இது யாருக்கும் தெரிந்ததுதான்.

நான்காவது இதிலிருந்தே வருகிறது. உங்கள் மாணவி யூனிகேவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவள் அப்பா மெல்கி ஜனவரியில் ஜாதிக்காய் விற்கத் தனியாகப் படகில் போனவர் திரும்பவில்லை, கவிழ்ந்த படகு மட்டும் கிடைத்தது என்று. ஆறாம் வகுப்பு முடிந்து ஜூலையில் அவள் இங்கே அத்தை வீட்டுக்கு வந்து நடுநிலைப் பள்ளியில் சேர வேண்டும். ஆனால் படகில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். “எப்படிக் கவுந்துச்சுன்னு தெரியாம நான் ஏற மாட்டேன்” என்றாளாம். அதற்காக நீங்கள் கேட்ட ‘படகும் தண்ணீரும்’ என் அலமாரியில் இருக்கிறது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்கப் படகு கவிழ்வதைப் பற்றியது, படங்களோடு. அதைப் படித்த பிள்ளை படகில் ஏறுமா? வாழ்நாள் முழுக்க ஏறாது என்று அஞ்சுகிறேன். அதற்குப் பதிலாக ‘கேப்டன் வீடு திரும்பினார்’ என்ற கதையை அவளுக்கென்றே வைத்திருக்கிறேன். கடலில் காணாமல் போன அப்பாவின் கதை. இதமான முடிவு.

ஐந்தாவது. பதினோரு ஆண்டுகள் இங்கே நூலகத்தில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தீவுப் பள்ளிகளுக்குப் புத்தகம் தேர்ந்தோம். ஆசிரியையாக நுவேலாவுக்குப் போகும்போது நீங்கள், “பாக் இசாக், நீங்க பிள்ளைங்களுக்காகப் பயப்படல. பிள்ளைங்களப் பார்த்துப் பயப்படுறீங்க” என்று சொன்னீர்கள். அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இடம் முடிந்துவிட்டது.

பணிவுடன்,
இசாக் தலாகுவா


நுவேலா, 21 மார்ச்

பாக் இசாக்,

பெட்டி வந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் வந்தது. மேலே இருந்த நாலு புத்தகத்தில் டீசல் வாடை. பிள்ளைகளுக்கு அந்த வாடை பிடித்திருக்கிறது. அவற்றைத்தான் முதலில் எடுத்தார்கள். முதல் பக்கத்தை வாய்விட்டுப் படிப்பதை விட்டுவிட்டு இனி நீங்கள் டீசல் தெளித்து அனுப்பலாம்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். எலும்புக்கூடு புத்தகத்துக்கு அடிதடி. “எனக்குள்ளயும் இது இருக்கா டீச்சர்? இப்பவேவா?” என்று ஒருத்தி தன் முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். கழிப்பறைப் பேய் ஒரே நாளில் ஆறு வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது யாரும் தனியாகக் கழிப்பறைக்குப் போவதில்லை, கும்பலாகப் போகிறார்கள். நீங்கள் வைத்த ‘நேர்மையான தோமஸ்’ மட்டும் பெட்டியின் அடியிலேயே கிடக்கிறான். கெர்ட்ஜே என்ற வாயாடி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவன் எங்க வகுப்புல இருந்தா நானே அடிப்பேன்” என்று வைத்துவிட்டாள். அறிவுரை நாற்றம் இந்த வயதுக்கு எட்டு வீடு தாண்டி வரும். உங்களுக்கு அது இன்னும் தெரியவில்லை.

யூனிகே கடைசியில் வந்தாள். நாற்பதையும் ஒவ்வொன்றாக முதுகைப் பார்த்து அடுக்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது வரலயா டீச்சர்?”

“அடுத்த தடவ வரும்.”

“யாரு வேண்டாம்னாங்க?”

இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல முடியாது. அம்போனில் ஒரு பெரியவர், உன் மனசு நோகுமென்று யோசிக்கிறார் என்றேன். “அவருக்கு என்னத் தெரியுமா?” என்றாள். கோபத்தில், உங்கள் மேல் கோபத்தில், ‘கேப்டன் வீடு திரும்பினார்’ புத்தகத்தை அவள் கையில் திணித்து அனுப்பினேன். படிக்கட்டும், அந்தப் பெரியவருக்காவது திருப்தி என்று.

அவள் அம்மா லின்செ ஒரு நாளும் அழவில்லை. கணவன் வேறு ஏதோ தீவில் கரையேறியிருப்பான் என்றே பேசுகிறாள். ஊரில் எல்லோரும் ஒரே வசனத்தைப் பிள்ளைக்குச் சொல்கிறார்கள்: “பெரிய அலைம்மா. ஒரே நொடி. ஒன்னும் தெரிஞ்சிருக்காது.” சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார்கள். அவள் அதைக் கவனிக்கிறாள்.

ஜூலை தூரத்தில் இல்லை. அந்தப் புத்தகத்தை அனுப்புங்கள். கெஞ்சவில்லை. கேட்கிறேன்.

தோர்கஸ்


அம்போன், 4 ஏப்ரல்

மதிப்பிற்குரிய இபு தோர்கஸ்,

அனுப்பியிருக்கிறேன்.

அனுப்பியதை எண்ணி எண்ணிக் கலங்கிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல் பையில் போட்ட பிறகு திரும்ப எடுக்கலாமா என்று படகுத்துறைக்குப் போனேன். பை கட்டியாகிவிட்டது. ஒருவேளை நல்லதுதான்.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். நீங்கள் கோபப்படுவீர்கள். ‘படகும் தண்ணீரும்’ நல்ல நூல். அலை எப்படி உருவாகிறது, கனமான கப்பல் ஏன் மிதக்கிறது, சிறு படகுக்குப் பக்கக்கட்டை எதற்கு என்றெல்லாம் தெளிவாகச் சொல்கிறது. அவை அவளுக்கு உதவும். படகு கவிழும் அத்தியாயத்தை மட்டும், பழைய புத்தகங்களைச் செப்பனிடும் கெட்டி நூலால் ஓரமாகத் தைத்து மூடிவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை. கிழித்தால் பொய்யாகிவிடும். மூடினால், இருக்கிறது ஆனால் இப்போது வேண்டாம் என்றுதானே பொருள்? அப்படித்தான் எண்ணினேன். இது கோழைத்தனமா, கவனமா என்று எனக்கே விளங்கவில்லை.

அவள் நிலையைப் பார்த்து, தேவையென்றால் நீங்கள் பிரித்துவிடுங்கள். இல்லை, எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். இல்லை, உங்கள் விருப்பம்.

‘நேர்மையான தோமஸ்’ பற்றிச் சொன்னது உண்மைதான். அதைப் படிக்கும்போது எனக்கும் கொட்டாவி வந்தது. அன்பளிப்பாக வந்த நூல் என்பதால் வைத்துவிட்டேன்.

இசாக்


நுவேலா, 25 ஏப்ரல்

பாக் இசாக்,

இரண்டு செய்தி. இரண்டும் உங்களால்.

முதல் செய்தி. உங்கள் இதமான கதையை யூனிகே நான்கு முறை படித்திருக்கிறாள். கதையில் அந்தச் சிறுமி ஒவ்வொரு சாயங்காலமும் கரையில் விளக்கேற்றி வைப்பாளே, மூன்று வருடம் கழித்து அப்பா அந்த வெளிச்சத்தைப் பார்த்து வருவாரே! இவளும் தெற்குப் பாறையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கை வைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“யூனிகே, அது கதைம்மா.”

“தெரியும் டீச்சர்.”

“அப்புறம்?”

“கதையிலயே மூணு வருஷம் ஆச்சு. எனக்கு மூணு மாசம்தானே ஆகுது.”

“ஜூலைல நீ அம்போன் போகணுமே.”

“நான் போயிட்டா விளக்க யாரு ஏத்துவா?”

முன்பு அவளுக்குப் படகு பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது போகாமலிருக்க ஒரு கடமையும் வந்துவிட்டது. என் கையால்தான் கொடுத்தேன், அதனால் உங்களை மட்டும் திட்ட முடியவில்லை. முயற்சி செய்கிறேன்.

இரண்டாவது செய்தி. தையல் போட்ட புத்தகம் வந்தது. பார்த்ததும் கத்திரிக்கோல் எடுத்தேன். உடனே ஒரு கூச்சல். கெர்ட்ஜே என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், வேண்டாம்! சாசி!”

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாம் இருவரும் ஊரை விட்டு வந்து இவ்வளவு காலமாகிவிட்டதால் எனக்கே மறந்துபோயிருந்தது. இங்கே இப்போது சிப்பிப் பாறைக்குச் சாசி, ஊர்த் தடை. துறையில் கழி நட்டு இளந்தென்னங்கீற்று கட்டியிருக்கிறது. திறக்கும் நாள் வரை யாரும் முங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு மூடியிருப்பதெல்லாம் சாசிதான். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் உங்கள் புத்தகத்தைச் சுற்றி ஒரு தென்னங்கீற்று முடிச்சு. யார் கட்டியது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் புத்தகத்தின் மூடாத பக்கங்களை ஓரமாக உட்கார்ந்து படிக்கிறார்கள், தைத்த இடத்தைத் தொடாமல், காய்ச்சிய இரும்பைப் போல.

சேதி சாசியைக் காக்கும் கேவாங் டொமிங்குஸ் கிழவரிடம் போய்விட்டது. ஊருக்கெல்லாம் அவர் தேத்தே, தாத்தா முறை. மனிதர் பள்ளிக்கே வந்து, கண்ணாடி போட்டு, தையலைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல தையல். யாரு போட்டது?”

“அம்போன்ல ஒரு பெரியவர், தேத்தே.”

“எப்பத் தொறக்கிறாராம்?”

“அது சொல்லல.”

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். “தொறக்கிற நாள் சொல்லாம மூடுனா அதுக்குப் பேரு சாசி இல்ல டீச்சர். அதுக்குப் பேரு ஒளிச்சு வைக்கிறது. பாறைய மூடறது நாளைக்கு எல்லாரும் சேர்ந்து எடுக்கத்தான். நாள் சொல்லச் சொல்லுங்க.”

“நானே பிரிச்சிரட்டுமா தேத்தே?”

“மூடுனவர் நாள் சொல்லணும். நீங்க பிரிச்சா உங்களுக்கு அபராதம். அப்புறம் பிள்ளைங்க எங்க சாசியையும் மதிக்காது.”

யூனிகே வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். இந்தத் தீவே இப்போது உங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கிறது. நாள் சொல்லுங்கள்.

தோர்கஸ்


அம்போன், 9 மே

மதிப்பிற்குரிய இபு தோர்கஸ்,

உங்கள் கடிதத்தை மடித்து வைக்கவும் முடியவில்லை, விரித்து வைக்கவும் முடியவில்லை. கேவாங் சொன்னது சரி. எங்கள் ஊரிலும் அதுவே விதி. ஊசியை எடுத்தபோது அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஆனாலும் நாள் குறிக்கத் தயங்குகிறேன். காரணங்கள்:

ஒன்று, அவள் அம்மாவின் சம்மதம் எனக்குத் தெரியாது. இரண்டு, தைப்பதற்கு முன் அந்த அத்தியாயத்தை மீண்டும் படித்தேன். அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கவிழ்ந்த படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியதோடு அந்த வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு புத்திசாலிப் பிள்ளை எதைக் கண்டுபிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. மூன்று, நான் யார்? அவளை ஒருமுறைகூடப் பார்க்காதவன்.

அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பொறுத்தருள்க.

இசாக்


அம்போன், 12 மே

தோர்சே,

மரியாதை ‘இபு’வை விட்டுவிட்டு, பழைய மேசை நாட்களின் பெயரிலேயே கூப்பிடுகிறேன். ஒன்பதாம் தேதி எழுதிய கடிதம் இன்னும் புறப்படவில்லை. கிழக்குக் காற்று தொடங்கிவிட்டது, படகு போகவில்லை. துறையில் என் கடிதம் பையில் கிடக்கிறது, நான் சுங்கக் கொட்டகையின் பெஞ்சில் கிடக்கிறேன். படகுக்காரர் என்னைக் கண்டாலே, “பெரியவரே, அலைகிட்டப் போய்க் கேளுங்க, எங்கிட்டக் கேட்டு என்ன புண்ணியம்?” என்கிறார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த விளக்குதான். கதையில் மூன்று வருடம் என்று எழுதியவர் ஒரு வசதிக்காக எழுதியிருப்பார். இரண்டு என்றால் குறைவு, ஐந்து என்றால் நம்ப மாட்டார்கள். அதை ஒரு பிள்ளை தவணையாக எடுத்துக்கொண்டது. மூன்று வருடம் விளக்கேற்றினால் அவளுக்குப் பதினான்கு வயதாகும். அதற்குப் பிறகும் அவர் வர மாட்டார். அன்றைக்கு அவளுக்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள்? பள்ளியும் போயிருக்கும்.

நாள் குறிக்கிறேன். ஜூன் முதல் நாள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எல்லோர் முன்னும் படியுங்கள். அவள் தனியாகப் படிக்கக் கூடாது. இது மட்டும் என் வேண்டுகோள்.

நான் தவறு செய்தால் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்ற ஒரு தைரியம்தான்.

இசாக்


நுவேலா, 13 ஜூன்

பாக் இசாக்,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே பையில், ஜூன் நாலாம் தேதி வந்தன. நீங்கள் குறித்த நாள் கடந்துவிட்டது! டொமிங்குஸ் கிழவரிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே நெடுநேரம் யோசித்தார். “நாள் தாண்டுனாலும் வார்த்த தாண்டல. நாளைக்கே தொறப்போம். ஆனா மூடுன ஆளு வரல, அதுக்கு அபராதம் உண்டு. ஒரு போத்தல் சோப்பி, நேர்ல கொண்டு வரணும்.” நீங்கள் கள்ளுச் சாராயம் தொட மாட்டீர்கள் என்றேன். “அவர யாரு குடிக்கச் சொன்னா?” என்றார்.

மறுநாள், ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பள்ளி முற்றம் நிரம்பிவிட்டது. சிப்பிப் பாறை திறக்கும் நாளுக்குக்கூட இவ்வளவு பேர் வந்து பார்த்ததில்லை. போதகர் ஜெபம் செய்தார். கிழவர் ஜாதிக்காய் பிளக்கும் கத்தியால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். லின்செ முன்வரிசையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். “கேட்டுக்கிறேன். அவளுக்கு வேணும்னா கேட்டுக்கிறேன்” என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

யூனிகே எழுந்து தானே படித்தாள். தடங்கலே இல்லை. நீர் புகுந்தாலும் மரப்படகு மிதக்கும் என்று படித்தாள். கவிழ்ந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டிருங்கள், தேடுகிறவர்களுக்கு மனிதத் தலை தெரியாது, படகு தெரியும் என்று படித்தாள். பிறகு நீங்கள் எழுதக் கை வராத அந்த வாக்கியம்: கரை அருகில் இருப்பதுபோல் தோன்றும், நீந்தலாம் என்று படகை விட்டவர்களில் பலர் கரை சேர்வதில்லை.

அங்கே நிறுத்தினாள். மெல்கியின் தம்பி யோப்பியைப் பார்த்தாள்.

“சித்தப்பா, அப்பா படகு மெதந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

“ஆமாம்மா.”

“அப்ப ஒரே நொடி இல்ல.”

“அது… பெரிய அலைம்மா…”

“நீங்கதானே போய் இழுத்துட்டு வந்தீங்க. என்ன பார்த்தீங்க?”

யோப்பி தரையைப் பார்த்தபடி சொன்னான். “எண்ணெய்க் கேனக் கட்டியிருந்த கயிறு கத்தியால அறுத்திருந்துச்சு. கேனக் காணோம். நாங்க நாலு பேரும் பார்த்தோம். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு பேசிக்கிட்டோம்.”

“காலிக் கேனப் பிடிச்சுக்கிட்டு நீந்தியிருக்காரு” என்றாள் யூனிகே. கேள்வியாக இல்லை. “எந்தப் பக்கம்?”

“நம்ம தீவு தெரியற எடம்தான் அது.”

அப்போதுதான் லின்செ வாயைத் திறந்தாள். “நீந்தித்தான் வந்திருப்பாரு. அந்த ஆளுக்குப் பொறுமை ஏது? சாகோக் கூழ் இறுகறதுக்குள்ள விரல விட்டுப் பார்க்கிற ஆளு. படகுமேல உக்காந்து காத்திரு, யாராச்சும் வருவாங்கன்னா கேட்பாரா?” பாதியில் சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அழுது நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெண்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யூனிகே கூட்டத்துக்குள் புகுந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு லின்செதான் அதை எனக்குச் சொன்னாள்: “உன்ன மாதிரி நானும் அப்பா வேற தீவுல இருக்காருன்னு நெனச்சேம்மா. நம்மகிட்ட வரத்தான் கெளம்பியிருக்காரு.”

அன்று சாயங்காலம் தெற்குப் பாறையில் விளக்கு இல்லை. நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் என்னவோபோல் இருந்தது.

இப்போது புதுத் தொல்லை. பிள்ளைகள் துறையில் நின்று கடலுக்குப் போகிறவர்களை மறித்து, “கவுந்தா என்ன செய்வீங்க, சொல்லுங்க” என்று பரீட்சை வைக்கிறார்கள். தப்பாகச் சொன்னால் விடுவதில்லை. “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கடல்ல இருக்கேன்டி” என்று ஒருவர் கத்தினார். “அப்பச் சுலபமாச் சொல்லலாமே” என்கிறாள் கெர்ட்ஜே.

யூனிகே படகில் ஏறுவாளா என்று கேட்பீர்கள். தெரியாது. கேட்டேன். “பார்க்கலாம் டீச்சர். படகுல என்னென்ன இருக்குன்னு முதல்ல பார்க்கணும்” என்றாள். பெட்டி கட்டவில்லை. கட்ட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜூலை எட்டாம் தேதிப் படகு. அதைத் தவறவிட்டால் பள்ளி சேர்க்கை முடிந்துவிடும்.

தோர்சே


அம்போன், 9 ஜூலை

அன்புள்ள தோர்சே,

நேற்றுப் படகு வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. நான் காலையிலேயே துறைக்குப் போய்விட்டேன். அத்தைக்காரி என்னை யாரோ பெட்டி தூக்குகிறவர் என்று நினைத்து விலை பேசினாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. அலையைப் பார்த்து நான் என்னென்ன எண்ணினேன் என்பதை எழுதப் போவதில்லை. அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம் என்பது மட்டும் போதும்.

மாலையில் வந்தது. பலகையில் கடைசியாக இறங்கிய பெண்தான் அவளாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. உயிர்காப்பு உடுப்பைக் கழற்றாமலே நடந்து வந்தாள். பின்னாலிருந்து படகுக்காரர் கத்திக்கொண்டு வந்தார். “பிள்ளே, அதக் கழட்டிக் கொடுத்துட்டுப் போ! வர்ற வழியெல்லாம் என் உசுர எடுத்துருச்சுங்க. எத்தன உடுப்பு இருக்கு, இந்தக் கிழவிக்கு ஏன் இல்ல, அந்தப் பலகை ஏன் ஆடுதுன்னு!”

அவள் உடுப்பைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து நின்றாள். நீங்கள் என் தோற்றத்தைச் சொல்லியிருப்பீர்கள் போலிருக்கிறது.

“நீங்கதானே புத்தகத்தத் தைச்சது?”

“ஆமாம்மா.”

“ரொம்பக் கெட்டித் தையல். தேத்தேயோட கத்தியே மழுங்கிப்போச்சு.”

“மன்னிச்சுக்கோ” என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

“வழில பயமா இருந்துச்சா?”

“இருந்துச்சு. நடுவுல ஒரு எடத்துல ரொம்ப இருந்துச்சு. கம்பியப் பிடிச்சுக்கிட்டுப் படகு எதால செஞ்சதுன்னு யோசிச்சேன். மரம். அப்புறம் பரவால்ல.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க எப்பக் கடைசியாப் படகுல ஏறினீங்க?”

நெடுநாளாயிற்று என்று ஒப்புக்கொண்டேன். “தேத்தே சோப்பிக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு” என்றாள், ஒரு சிரிப்பும் இல்லாமல். அத்தைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை.

பெட்டியை அத்தை எடுத்துக்கொண்டாள். யூனிகே தன் துணிப்பையிலிருந்து ‘கேப்டன் வீடு திரும்பினார்’ புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். அட்டையில் மண்ணெண்ணெய்க் கறை.

“பிடிக்கலையாம்மா?”

“பிடிச்சிருந்துச்சு. அதான் நாலு தடவ படிச்சேன்.” கொஞ்சம் யோசித்தாள். “நீங்க தப்பான புத்தகத்தத் தைச்சுட்டீங்க. இதத்தான் தைச்சிருக்கணும்.”

“எந்தப் பக்கம்?”

“கடைசிப் பக்கம். அவரு கதவத் தட்டற பக்கம்.”

அத்தை கூப்பிட்டாள். பஸ் வந்துவிட்டது. ஏறுமுன் திரும்பி, “அதையும் ஒருநாள் தொறக்கலாம். நாள் மட்டும் சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து மார்ச்சில் உங்களுக்கு எழுதியதை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஐந்து அம்சங்கள் எழுதினேன். நான்காவதைப் பற்றி நீங்கள் இப்போது வெற்றிக் கொடி கட்டலாம். நான் இன்னும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அத்தியாயத்தை மார்ச்சில் அவள் தனியாகப் படித்திருந்தால், கயிற்றைப் பற்றிச் சொல்ல யோப்பியும் பக்கத்தில் அழ அம்மாவும் இல்லாமல் படித்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஐந்தாவதற்கு, நீங்கள் மேசையை விட்டுப் போனபோது சொன்னதற்கு, இன்னும் பதில் கிடைக்கவில்லை. அவள் முன்னால் பயந்துதான் நின்றேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவதை நான் கருத்து என்றே எழுதவில்லை, தெரிந்த உண்மையைப்போல எழுதினேன். கதையை நம்பிக் கொடுக்கலாம், உண்மையைத்தான் யோசித்துக் கொடுக்க வேண்டும் என்று. ஊசியும் நூலும் கையில் இருந்தும், அந்தக் கதை தீங்கு செய்யுமா என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவதில் நான் எழுதியது தவறு.

இசாக்